சின்னக் கவிதையை அலகிடுவது எப்படி? வெள்ளவத்தை வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் பரீட்சைப் பிள்ளைகள். மீதிப்பேர் பென்ஷன் எடுத்தபின் வெண்பா எழுதத் தொடங்கியவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் வருவது ஒரே சந்தேகங்கள்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் குரல் செய்தி அனுப்பிக் களைத்துப்போய், ஒருநாள் இருந்து எழுதிவைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அலகிடுவது என்றால் பாட்டை அசை, சீர் என்று ஒலித்துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பது. உதாரணத்துக்கு நானே கட்டிய இரண்டு சின்னப் பாட்டுகளை எடுக்கிறேன். பிழை பிடித்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள். முதலாவது, நம் கடற்கரைத் திடலான காலி முகத்திடலைப் பற்றியது:

காலி முகத்திடற் காற்றில் பறந்தது
நூலறுந்த பட்டம் தனித்து.

டீச்சர், இங்கிலீஷில ரைம் எண்டு படிச்சது தமிழில எதுகையா, இயைபா?

இயைபு. ஆங்கிலப் பாட்டில் அடிகள் முடியும் இடத்தில் ஒலி ஒத்துவருவதைத்தான் ரைம் என்கிறார்கள். தமிழில் அடியின் கடைசி ஒத்து நின்றால் இயைபு. ஆனால் தமிழ்ச் செய்யுள் அதிகம் நம்பியிருப்பது அடியின் தலைப்பக்கத்தை. முதலெழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை. ‘காலி’, ‘நூலறுந்த’ இரண்டிலும் இரண்டாம் எழுத்தில் ‘ல்’ இருக்கிறது. உயிர் மாறினாலும் மெய் ஒன்றாக நின்றால் எதுகையாகக் கொள்வது வழக்கம்.

ஒரு நிபந்தனை உண்டு, பிள்ளைகள் மறப்பது இதைத்தான். முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘பட்டம்’, ‘கட்டம்’ எதுகை. ‘பட்டம்’, ‘பாட்டன்’ எதுகையல்ல. ‘கா’, ‘நூ’ இரண்டும் நெடில் என்பதால் நம் பட்டப் பாட்டுத் தப்பியது.

அசை பிரிக்கிறது என்னெண்டு? ஒவ்வொரு முறையும் வேற வேற மாதிரி வருது.

அசை என்பது ஓர் எழுத்தோ சில எழுத்துகள் சேர்ந்தோ ஒலிக்கும் சின்னத் துண்டு. சொல்லைக் கண்ணால் பார்த்துப் பிரித்தால் அப்படித்தான் வரும். வாய்விட்டுச் சொல்லி, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வாருங்கள். நெடில் வந்தால் அது தனியே ஓர் அசை: நேர். குறில் வந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அடுத்தது உயிர் ஏறிய எழுத்து என்றால், அது குறிலோ நெடிலோ, சேர்த்துக்கொள்ளுங்கள்: நிரை. அடுத்தது புள்ளி வைத்த எழுத்து என்றாலோ ஒன்றுமே இல்லை என்றாலோ, குறில் தனியே நேர். புள்ளி எழுத்துக்குச் சொந்தமாக அசை கிடையாது, முன்னால் நிற்பதோடு ஒட்டிக்கொள்ளும்.

‘முகத்திடல்’: மு குறில், அடுத்தது க, சேர்த்து ‘முகத்’, நிரை. பிறகு தி குறில், அடுத்தது ட, சேர்த்து ‘திடல்’, நிரை. ‘காலி’: கா நெடில், அதோடு ஒன்றும் சேராது, நேர். லி தனிக்குறில், நேர். இவ்வளவுதான். பிள்ளைகள் விடும் பிழையில் பெரும்பாலானது ‘காலி’யை நிரை என்று எழுதுவது. குறிலுக்குப் பின்னால் நெடில் சேரும், நெடிலுக்குப் பின்னால் குறில் சேராது.

தேமா, புளிமா, கருவிளம் எல்லாம் பாடமாக்க ஏலாது. வேற வழி இல்லையா?

இருக்கிறது. கரையோரக் கோச்சியில் ஏறுங்கள்.

அசைகள் சேர்ந்தால் சீர். சீரில் எந்த அசை எந்த வரிசையில் நிற்கிறது என்று சொல்லும் வாய்பாடுகள்தான் தேமா, புளிமா என்பவை; ரகசியச் சொற்கள் அல்ல. அந்தந்தச் சொல்லை அலகிட்டாலே அந்த வாய்பாடு வரும். ‘தேமா’ நேர் நேர். ‘புளிமா’ நிரை நேர். அதே வேலையை நம் ஊர்ப்பெயர்களும் செய்யும். கோட்டை, நேர் நேர், தேமா. கொழும்பு, நிரை நேர், புளிமா. தெஹிவளை, நிரை நிரை, கருவிளம். கல்கிசை, நேர் நிரை, கூவிளம். மூன்று அசை வந்து கடைசி அசை நேர் என்றால் காய்ச்சீர்: மருதானை புளிமாங்காய், வெள்ளவத்தை கூவிளங்காய், இரத்மலானை கருவிளங்காய். கடைசி அசை நிரை என்றால் கனிச்சீர்: கொம்பனித்தெரு கூவிளங்கனி, பாணந்துறை தேமாங்கனி. தேமாங்காய்க்கு மட்டும் ஸ்டேஷன் அகப்படவில்லை. கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் என்று சொல்லி இரண்டு வருடமாகிறது.

அந்தப் பட்டப் பாட்டை முழுக்கப் பிரிச்சுக் காட்டுங்கோ.

காலி (நேர் நேர்) தேமா
முகத்திடற் (நிரை நிரை) கருவிளம்
காற்றில் (நேர் நேர்) தேமா
பறந்தது (நிரை நிரை) கருவிளம்
நூலறுந்த (நேர் நிரை நேர்) கூவிளங்காய்
பட்டம் (நேர் நேர்) தேமா
தனித்து (நிரைபு) பிறப்பு

முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர். இது குறள் வெண்பா. ‘நூலறுந்த’வை ‘நூல்’, ‘அறுந்த’ என்று இரண்டு சொல்லாகப் பார்த்து இரண்டு சீர் என்று எண்ணினால் எட்டு சீர் ஆகிவிடும், கணக்குக் கவிழும். சொல்லின் எல்லை வேறு, சீரின் எல்லை வேறு.

தளை தட்டுது, தளை தட்டுது எண்டு சொல்லுறீங்கள். எங்க தட்டுது? எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே.

ஒரு சீரின் கடைசி அசையும் அடுத்த சீரின் முதல் அசையும் தொட்டுக்கொள்ளும் இடம்தான் தளை. தேமா, புளிமா இரண்டும் மா; கூவிளம், கருவிளம் இரண்டும் விளம். வெண்பாவுக்கு மூன்றே விதி: மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். முதல் இரண்டும் இயற்சீர் வெண்டளை, மூன்றாவது வெண்சீர் வெண்டளை. மேலே பிரித்ததை மறுபடி பாருங்கள். காலி மா, அடுத்தது ‘முகத்’ நிரை, சரி. முகத்திடல் விளம், அடுத்தது ‘காற்’ நேர், சரி. இப்படியே கடைசி வரை போகும். முதலடியின் கடைசிச் சீருக்கும் இரண்டாமடியின் முதற் சீருக்கும் இடையிலும் தளை பார்க்க வேண்டும். அடி மாறிவிட்டது என்று விட்டுவிடக்கூடாது.

தட்டுவது எப்படி இருக்கும்? என் மாணவி ஒருத்தி ‘பறந்தது’ என்பதை ‘பறக்கும்’ என்று மாற்றினாள். பறக்கும், நிரை நேர், புளிமா. அடுத்தது ‘நூ’ நேர். மாவுக்குப் பின் நேர், தட்டுகிறது. ‘காற்றில் பறக்கும் நூலறுந்த பட்டம்’ என்று நாலுதரம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘கும்’மில் நாக்கு ஒரு கணம் நின்று, மறுபடி புறப்படும். அந்த நிற்பைக் கேட்கப் பழகினால் பென்சில் வேண்டியதில்லை. ‘பறக்கிறது’ என்று போட்டால்? பறக்/கிற/து, கருவிளங்காய், காய்க்குப் பின் நேர், சரியாக ஓடும்.

கடைசிச் சீருக்கு மட்டும் ஏன் வேற பேர்? ‘பிறப்பு’ எண்டு எழுதினா புள்ளி வெட்டுவினமா?

வெட்டமாட்டார்கள், அதுதான் சரி. வெண்பாவின் கடைசிச் சீர் நான்கில் ஒன்றாகத்தான் முடியலாம்: நாள், மலர், காசு, பிறப்பு. தனி நேர் என்றால் நாள், தனி நிரை என்றால் மலர். அவற்றோடு குற்றியலுகரம் ஒட்டிக்கொண்டால் அவை நேர்பு, நிரைபு; வாய்பாடு காசும் பிறப்பும். கடைசியில் வரும் ‘து’, ‘கு’, ‘பு’ அரைகுறையாக ஒலித்து அடங்குவதால் அதை முழு அசையாக எண்ணுவதில்லை. ‘தனித்து’ அப்படி. ‘தனியே’ என்று முடித்தால் அது புளிமா. வெண்பா வாயை மூடாமலே நின்றுவிடும்.

நம் ஊருக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். ‘கொழும்பு’ அப்படியே பிறப்பு. வெண்பாவை ஊர்ப்பெயரில் முடிக்க நினைப்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

கொள்ளுப்பிட்டியில் இருக்கிறேன், தங்கச்சி. என் முகவரியை வெண்பாவில் வைக்க முயன்று இரண்டு கிழமை ஆகிறது. வரவே மாட்டேன் என்கிறது. என் பிழையா?

இல்லை ஐயா, ஊரின் பிழை. இந்தக் கேள்வி வந்த அன்று வகுப்பில் வேறொன்றும் நடக்கவில்லை.

கொள்/ளுப்/பிட்/டி, நான்கும் நேர். நான்கு அசையை ஒரே சீராக வைக்க வெண்பா இடம் தராது. இரண்டாக உடைத்தால் ‘கொள்ளுப் பிட்டி’, தேமா தேமா. மாவுக்குப் பின் நேர், தட்டியது. அடுத்த ஸ்டேஷனுக்குப் போங்கள். பம்/பலப்/பிட்/டி. உடைத்தால் ‘பம்பலப் பிட்டி’, கூவிளம் தேமா. விளத்துக்குப் பின் நேர், கச்சிதம். ஒரு ஸ்டேஷன் தள்ளிக் குடியிருந்தால் வெண்பா எழுதியிருப்பீர்கள்.

கொட்டாஞ்சேனைக்காரருக்கும் இதே கஷ்டம்தான். அதுவும் நான்கு நேர். வழி இருக்கிறது. சொல்லின் முதல் அசையை முந்திய சீரோடு சேர்த்துவிடுங்கள்: ‘எங்கள்கொட் டாஞ்சேனை’. எங்/கள்/கொட் தேமாங்காய், டாஞ்/சே/னை தேமாங்காய், காய்க்குப் பின் நேர். இப்படிச் சீருக்காகச் சொல்லை நடுவில் வெட்டுவதற்கு வகையுளி என்று பெயர். ‘எங்கள்கொள் ளுப்பிட்டி’யும் அப்படியே நிற்கும். பழம்பாடல்களில் இது நிறைய வரும். ஆனால் ‘டாஞ்சேனை’ என்று ஒரு சீர் தொடங்குவதைப் படிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

மோனை இருக்கெண்டு எழுதினேன், பிழை எண்டு போட்டிருக்கினம். முதலெழுத்து ஒரே ‘ம’ தானே?

மெய் மட்டும் ஒத்தால் போதாது, உயிரும் ஒரே கூட்டத்தில் இருக்க வேண்டும். அ ஆ ஐ ஔ ஒரு கூட்டம். இ ஈ எ ஏ ஒரு கூட்டம். உ ஊ ஒ ஓ ஒரு கூட்டம். ஆகவே ‘மெள்ள’வும் ‘மாறி’யும் மோனையல்ல, ‘மெள்ள’வும் ‘மீறி’யும் மோனை. மெய்யிலும் உறவுக்காரர் உண்டு: ச-வும் த-வும், ஞ-வும் ந-வும், ம-வும் வ-வும் ஒன்றுக்கொன்று மோனையாகும்.

நம் குறளில் முதலடியைப் பாருங்கள். முதற் சீர் ‘காலி’, மூன்றாம் சீர் ‘காற்றில்’. ஒன்றும் மூன்றும் ஒத்தால் பொழிப்பு மோனை. ஒன்றும் இரண்டும் என்றால் இணை, ஒன்றும் நாலும் என்றால் ஒரூஉ, நாலும் ஒத்தால் முற்று. நாற்சீர் அடியைச் சரிபாதியாக மடித்தமாதிரி இருப்பதால் பொழிப்புத்தான் காதுக்கு இதம்.

ஐந்து வரியில வாற பகிடிப் பாட்டை எந்தப் பாவில சேர்க்கிறது?

அது குறும்பா. ஆங்கில லிமெரிக்கின் ஐந்தடி அமைப்பைத் தமிழ்ச் சீர்களில் இறக்கியவர் ‘மஹாகவி’ என்ற பெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தி, அவருடைய குறும்பாத் தொகுப்பு 1966இல் வந்தது. ஈழத்துக் கவிதை தந்த வடிவம் இது. இனி என் இரண்டாவது பாட்டு:

வெள்ளவத்தை பஸ்ஸினிலே ஏறி,
தள்ளுகின்ற கூட்டத்தை மீறி,
சில்லறையைக் கேட்பதற்குள்
செல்லிடத்தைத் தாண்டிவிட்டான்;
மெள்ளவந்தேன் தெஹிவளையில் மாறி!

ஒன்று, இரண்டு, ஐந்தாம் அடிகள் காய் காய் தேமா. மூன்றும் நாலும் காய் காய், அவ்வளவே. ஏறி, மீறி, மாறி என்று முடிவது இயைபு. கூர்ந்து பார்த்தால் அந்த மூன்று சொல்லும் தமக்குள் எதுகையும்கூட: முதலெழுத்து நெடில், இரண்டாமெழுத்து ‘றி’. அதனால்தான் வெறும் இயைபைவிட இறுக்கமாகக் கேட்கிறது. அடித்தொடக்கத்தில் வெள்ள, தள்ளு, மெள்ள எதுகை. நடுவில் ‘சில்ல’, ‘செல்லி’ என்று ல வருகிறதே என்றால், ல-வும் ள-வும் இடையினம். இன எதுகை என்று ஏற்றுக்கொள்வார்கள். வெள்ள, மெள்ள இரண்டும் முந்திய பதிலில் சொன்ன வ–ம உறவால் அடிமோனையும் ஆகின்றன. அது திட்டமிட்டு வந்ததல்ல.

அதில எல்லாமே காய்ச்சீரா இருக்கே, அப்ப அது வெண்பா இல்லையா?

இல்லை. சீர் மட்டும் பாவைத் தீர்மானிக்காது. ‘ஏறி’ மா, அடுத்தது ‘தள்’ நேர். அங்கேயே வெண்டளை போய்விட்டது. ‘மெள்ளவந்தேன் தெஹிவளையில்’ என்ற இடத்தில் காய்க்குப் பின் நிரை, அது கலித்தளை. வெண்பா என்றால் கடைசி அடி மூன்று சீரும், நாள் மலர் காசு பிறப்பு முடிவும், முழுவதும் வெண்டளையும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேறு பெயர்தான்.

‘வெள்ளவத்தையில்’ எத்தனை அசை? ‘தை’ நெடில்தானே, அப்ப நாலு?

சொல்லின் முதலில் நிற்கும் ஐ நெடில். நடுவிலும் கடைசியிலும் அது குறுகும், ஐகாரக் குறுக்கம். ஆகவே ‘தை’யைக் குறிலாக எடுத்து ‘தையில்’ என்று நிரையாக்கலாம். வெள்/ளவத்/தையில், நேர் நிரை நிரை, கூவிளங்கனி. வெண்பாவில் கனிச்சீர் வராது என்பதால் வெள்ளவத்தைக்காரர் ‘வெள்ளவத்தை’ வரைதான் ஒரு சீருக்குள் போகலாம். வேற்றுமை உருபை வெளியில் விட்டுவிட்டு வாருங்கள்.

பஸ், ஐஸ், வந்துட்டேன் எண்டெல்லாம் யாப்பில போடலாமா?

போடலாம். பஸ் குறிலும் புள்ளி எழுத்தும், நேர். வந்/துட்/டேன் தேமாங்காய். காது ஒலியைத்தான் எண்ணும், அகராதியைப் பார்க்காது.

போனில இருக்கிற யாப்புக் கருவி சரி எண்டு சொல்லுது, நீங்கள் பிழை எண்டுறீங்கள். ஆரை நம்புறது?

அவலோகிதம் போன்ற கருவிகள் அலகிடும் வேலையை நன்றாகவே செய்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இடைவெளியை எங்கே விடுவது என்பது உங்கள் கையில். சீர் பிரித்துக் கொடுக்காமல் உரைநடைபோல் எழுதிக் கொடுத்தால் விடையும் அதற்கேற்பத்தான் வரும். தளை சரியா என்று கருவி சொல்லும். எதுகை வலிந்து இழுக்கப்பட்டதா என்று அதனிடம் கேட்க முடியாது.

ஹைக்கூவுக்கு 5-7-5 எண்டு எண்ணவேணுமா?

ஜப்பானிய மொழியில் எண்ணுவது நம் எழுத்தையோ அசையையோ போன்ற ஒன்றல்ல. நம் மாத்திரைக்குக் கிட்டத்தட்ட வரும் ஓர் ஒலியளவு. தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விடைத்தாளில் மூன்று வரி, ஒரு காட்சி, கடைசி வரியில் ஒரு திருப்பம் என்று எழுதுங்கள், எண்ண வேண்டாம்.

சிங்களக் கவியிலயும் எதுகை இருக்கா? பக்கத்து வீட்டு அங்கிள் பாடினா எல்லா வரியும் ஒரே மாதிரி முடியுது.

அங்கிள் பாடுவது நாலடிக் கவியாக இருக்கும், சிவுபத என்பார்கள். நான்கு அடியும் ஒரே ஒலியில் முடிவதை எளிசமய என்கிறார்கள். அது நம் இயைபுக்குச் சமம். அடியின் நீளத்தை அவர்கள் மாத்திரை எண்ணி அளக்கிறார்கள். ஒரு வேலை செய்யுங்கள்: அங்கிளிடம் ஒரு கவி கேட்டு எழுதிவைத்து, இயைபு எங்கே என்று அடிக்கோடிடுங்கள். மொழி விளங்காவிட்டாலும் கோடு சரியான இடத்தில் விழும்.

கட்டளைக் கலித்துறையில எழுத்து எண்ணுறதெண்டு சொல்லுறாங்களே, உண்மையா?

உண்மை. புள்ளி எழுத்துகளை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. பாட்டு ஏகாரத்தில் முடியும். யாப்பு படிக்க எல்லோரும் எடுக்கும் அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையே இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. விதியைச் சொல்லிக்கொண்டே அந்த விதிப்படி நிற்கும் நூல்.

‘யாப்பமைதியை ஆராய்க’ எண்டு வந்தா, அலகிட்டு வாய்பாடு எழுதினாப் போதாதா?

அது பாதி விடை. மீதி, அந்த அமைப்பு இந்தப் பாட்டில் என்ன செய்கிறது என்பது. இங்கேதான் பிள்ளைகள் ஆகாயத்துக்குப் பறந்துவிடுகிறார்கள். எங்கள் பட்டக் குறளுக்கு ஒருவன் எழுதினான்: ‘இரண்டாம் அடி ஒரு சீர் குறைந்திருப்பது அறுந்த நூலைக் காட்டுகிறது.’ அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாக் குறளும் இரண்டாமடியில் ஒரு சீர் குறைவுதான். அரிசி விலையைப் பற்றிய குறளிலும் அது குறைந்துதான் இருக்கும். வடிவம் இலவசமாகத் தந்ததை இந்தப் பாட்டின் கெட்டித்தனமாக எழுதக்கூடாது.

அப்போ எதை எழுதுவது? வேறு மாதிரியும் செய்திருக்கலாம், ஆனால் இப்படிச் செய்திருக்கிறது என்ற இடங்களைத் தேடுங்கள். முதலடி ‘பறந்தது’ என்று முடிகிறது. எது பறந்தது என்று தெரியாது, காகமாகவும் இருக்கலாம். அடி திரும்பியதும் ‘நூலறுந்த’ வருகிறது. எழுவாயைப் பின்னுக்குத் தள்ளி, பறந்ததை முதலில் காட்டி, அறுந்ததை அப்புறம் சொல்கிறது. பாட்டிலுள்ள ஒரே காய்ச்சீரும் அதுதான்; மற்றவை ஈரசைச் சீர்கள், கடைசி இன்னும் குறுகியது. நீளச் சொல் அறுந்த இடத்தில் நிற்கிறது. ‘காலி’, ‘நூலறு’ எதுகை, இரண்டு அடிகளையும் கட்டுகிறது. அறுந்ததைச் சொல்லும் சொல்லே கட்டுக்கும் பயன்படுகிறது. இப்படி எழுதினால் திருத்துகிறவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு ஒருதரம் திருப்பிப் படிப்பார்.

புதுக்கவிதைக்கு யாப்பே இல்லையே, அதில என்னத்த ஆராயிறது?

முந்திய பதிலில் சொன்ன அதே கேள்விதான்: வேறு மாதிரிச் செய்திருக்கலாமா? வரி ஏன் இந்த இடத்தில் உடைந்தது, எந்தச் சொல் திரும்ப வருகிறது, எங்கே ஒலி ஒத்துப்போகிறது. யாப்பில்லாதவர் என்று பெயர் எடுத்தவர்களின் வரிகளிலும் சிலவேளை ஆசிரியப்பாவின் அகவல் ஓசை ஒளிந்திருக்கும். உரக்கப் படித்தால் பிடிபடும்.

டீச்சர், தளை தட்டினாலும் எனக்கு ‘பறக்கும்’தான் பிடிச்சிருக்கு. மாத்தவா, விடவா?

மேலே சொன்ன மாணவிதான் இதையும் கேட்டாள். பட்டம் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்கு முக்கியம். ‘பறந்தது’ என்றால் கதை முடிந்துவிடுகிறதாம். ‘பறக்கிறது’ என்று போடு, தளையும் தட்டாது என்றேன். அது செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அதுவும் சரிதான்.

பரீட்சையில் ‘குறள் வெண்பா இயற்றுக’ என்றால் விதிப்படிதான் எழுத வேண்டும், அங்கே பேச்சில்லை. கொப்பியில் என்றால், தலைப்பில் வெண்பா என்று போடாமல் இரண்டு வரிக் கவிதை என்று போட்டு விட்டுவிடலாம். அவள் இரண்டும் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு வந்து ‘பறந்திடும்’ என்று எழுதிக் காட்டினாள். பறந்/திடும், கருவிளம், அடுத்தது நூ நேர். தட்டவில்லை.